திராட்சையைப் பிழியாதீங்க, மெல்லுங்க!

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க திராட்சை கிடைக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான். ஆனால் விருந்து, விசேஷம் என்றால் சோற்றோடு சேர்த்து டம்ளர் நிறைய திராட்சை ஜூஸ் வைக்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் மாமியாருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை நோய். "ஏத்தா, சீனியா போட்டிருக்கு? பழம்தானே!" என்று சொல்லிக் குடிப்பார். கொஞ்ச நேரத்தில் கண் சொருகும். பேசிக்கொண்டிருந்ததே மறந்து போகும். வீட்டு மெஷினில் பார்த்தால் சர்க்கரை எகிறியிருக்கும்.

காரணம் எளிது. 100 கிராம் திராட்சையில் சுமார் 15 கிராம் சர்க்கரை இருக்கிறது. 200 மில்லி ஜூஸில் சுமார் 30 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன் சீனி! சோறும் வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் மாறுகிறது. இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் சீனிக் கணக்கில்தான் சேர்க்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது அதன் 2015-ம் வருஷ அறிவுரை.

தோலோடு மென்று தின்றால் சர்க்கரை மெதுவாக ஏறும், வயிறும் நிறையும். அமெரிக்காவில் 1.87 லட்சம் பேரைப் பல வருஷம் கவனித்து 2013-ல் வெளியான ஆய்வில், திராட்சையைப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் வந்தது தெரிந்தது.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பின் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதற்குச் சர்க்கரை சீராகக் கிடைக்க வேண்டும். பல வருஷம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் முதுமையில் ஞாபகசக்தியே கெடலாம்.

அதற்காக ஜூஸை ஒதுக்க வேண்டாம் தோழிகளே. மாத்திரை, ஊசி போடுகிறவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால், அப்போது அரை டம்ளர் ஜூஸ்தான் மருந்து. 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதியுங்கள். மயங்கி விட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது விருந்துக்கு நீர்மோர்தான். சாயந்திரம் அத்தைக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் திராட்சை. கொட்டையைத் துப்பித் துப்பி நிதானமாகச் சாப்பிடுகிறார். நீங்களும் மாற்றிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, சின்னமனூர்.