ஆட்டு முகம், இலை உடம்பு... வாட்ஸ்அப்பில் சுற்றும் குட்டிப் பிராணி நிஜமா?

‘கடலுக்கு அடியில் ஓர் ஆட்டுக்குட்டி. உடம்பெல்லாம் இலை. சாப்பாடே வேண்டாம், வெயில் போதும்!’

உங்கள் ஃபேமிலி குரூப்புக்கும் இந்தப் படம் வந்திருக்கலாம். திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருந்து கடலைப் பார்க்கவே புதுச்சேரி வரை சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு ‘ஏ.ஐ வேலையோ?’ என்று தோன்றினால் அதில் தப்பில்லை.

பிராணி நிஜம். கூடவே வரும் செய்தியில் பாதிதான் நிஜம்.

சில ஃபார்வர்டுகள் இதை ‘கடல் அட்டை’ என்கின்றன. ராமேஸ்வரம் பக்கம் போய் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். கடல் அட்டை வேறு ஜீவன். 2001 முதல் அதைப் பிடிக்கவே இந்தியாவில் தடை. இது ஓடு இல்லாத கடல் நத்தை. அறிவியல் பெயர் காஸ்டாசியெல்லா குரோஷிமே. ஜப்பானின் குரோஷிமா தீவில் கண்டறியப்பட்டு, 1993-ல் பெயர் சூட்டப்பட்டது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களிலும் உண்டு. பெரும்பாலும் ஓர் அரிசிமணி அளவுதான். ‘ஆட்டுக் காது’ போலத் தெரிபவை, தண்ணீரில் வாசனை பிடிக்கும் உணர்கொம்புகள்.

ஆழம் குறைந்த, வெளிச்சம் விழும் கடலடியில் வளரும் பச்சைப் பாசிதான் இதற்கு வீடும் சாப்பாடும். பாசியைக் கடித்து மெல்லாது. ஊசிபோன்ற பல்லால் குத்தி, இளநீர் மாதிரி உள்ளே இருப்பதை உறிஞ்சும். அதில் வரும் குளோரோபிளாஸ்ட்டை, அதாவது பாடப்புத்தகத்தில் படித்த பசுங்கணிகத்தை, செரிக்காமல் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்தப் பச்சை நிறம் திருடியது!

அப்படியானால் வெயிலிலேயே வாழ்ந்துவிடுமா? விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால், இதன் உறவுக்கார நத்தைகள் இரண்டு வகையை ஜெர்மன் ஆய்வாளர்கள் இருட்டில் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன. 2014-ல் வெளியான இந்த முடிவு, ‘சூரிய சக்தி நத்தை’ என்ற பட்டத்தையே ஆட்டம் காணவைத்தது. சேர்த்து வைத்த பச்சை, பஞ்ச காலத்துக்கான இருப்பாகவும் இருக்கலாம். விவாதம் இன்னும் முடியவில்லை.

இந்தக் குடும்பத்தில் இதைவிட அதிசயமான ஆளும் உண்டு. ஜப்பானின் நாரா மகளிர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் அறிவித்தது இது. எலிசியா மார்ஜினேட்டா என்ற நத்தை தன் தலையைத் தானே துண்டித்துக்கொள்கிறது. தலை மட்டும் ஊர்ந்துபோய்ப் பாசி தின்கிறது. சுமார் மூன்று வாரத்தில் இதயம் உட்பட முழு உடம்பும் முளைத்துவிடுகிறது! கழன்ற உடம்புக்குப் புதுத் தலை முளைப்பதில்லை. ஒட்டுண்ணி தாக்கிய உடம்பை உதறித் தள்ளத்தான் இந்த ஏற்பாடு என்பது அவர்கள் ஊகம்.

சாறு உறிஞ்சும் நத்தைகள் நமக்கும் புதிதல்ல. இந்தியாவிலிருந்து ஸ்டிலிஜர் கோபாலாய் என்ற வகையை 1937-லேயே கே.வீரபத்ர ராவ் விவரித்திருக்கிறார். இத்தகைய நத்தைகள் பலவற்றின் விருப்ப உணவான காலெர்பா பாசி மன்னார் வளைகுடாவில் வளர்கிறது.

‘வளர்க்கக் கிடைக்குமா?’ என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டியில் மீன் தீனி போட்டால் இது தொடாது. தனக்கான பாசி, அதுவும் உயிரோடு வேண்டும். அது கிடைக்காவிட்டால் கண்ணெதிரே மெல்ல மெல்லச் சுருங்கிச் செத்துப்போகும்.

அடுத்த முறை படம் வந்தால் அளவைப் பாருங்கள். உள்ளங்கை நிறைய உட்கார்ந்து, கம்பளி ரோமத்தோடு சிரித்தால், அது ஏ.ஐ ஆடு!