பழைய முத்து மாலை வாங்கப் போகிறீர்களா?

ஒரு முத்து மாலைக்காக ஒரு மாளிகையையே கொடுத்தது ஒரு குடும்பம்!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில், நியூயார்க் நகரில் 1917-ம் ஆண்டு நடந்த சம்பவம். மார்ட்டன் பிளாண்ட் என்ற கோடீசுவரரின் மனைவி, கார்ட்டியர் நகைக் கடையில் இருந்த இரட்டைச் சர முத்து மாலையின் மேல் ஆசை கொண்டார். அதன் விலை 10 லட்சம் டாலர். மாலையை வாங்கிக்கொண்டு, தங்கள் மாளிகையை அந்தக் கடைக்கே கொடுத்துவிட்டார்கள்.

1957-ம் ஆண்டு அதே மாலை ஏலத்துக்கு வந்தது. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலருக்குத்தான் விலை போயிற்று!

முத்து அதே முத்துதான். விலை ஏன் விழுந்தது?

ஜப்பான் செய்த மாற்றம்

ஜப்பான் நாட்டு மிக்கிமோட்டோ 1893-ல் சிப்பிக்குள் அரை முத்தை வளர்த்துக் காட்டினார். பிறகு உருண்டை முத்தும் வந்தது. சிப்பியைத் திறந்து உள்ளே ஒரு சிறு மணியை வைப்பார்கள். சிப்பி அந்த மணியின் மேல் தன் ஒளியைப் பூசும். இதுவே வளர்ப்பு முத்து. இது சந்தையில் குவிந்ததும், பழைய முத்தின் விலை சரிந்தது.

நம் மன்னார் வளைகுடாவிலும் காலம் மாறியது. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-ல் அதே ஊரில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி அழகர்சாமி உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கினார். இன்று கடைகளில் காணும் நல்ல முத்துக்களில் மிகப் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துக்களே.

தங்கம் போல் அல்ல

நியூயார்க் சீமாட்டி நஷ்டத்தைத் தாங்குவார். பழவேற்காடு ஏரியில் வலை வீசிச் சேர்த்த பணத்தோடு எளாவூரில் ரயிலேறிச் சென்னைக்கு நகை வாங்க வரும் குடும்பம் தாங்குமா?

ஏரியிலும் சிப்பி உண்டு. ஆனால் அது நகை முத்து தரும் சிப்பி அல்ல. ஆகவே ஏரிக்கரையில் வாழ்பவர்களுக்கும் முத்து கடைச் சரக்குதான்.

தங்க நகையை அவசரத்துக்கு அடகு வைக்கலாம். முத்து மாலையை எடுத்துப் போனால், முத்தின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே கடன் கொடுப்பார்கள். தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை உண்டு. முத்துக்கு அப்படி முத்திரை கிடையாது. எனவே பழைய முத்து மாலையைச் சேமிப்பு என்று நினைத்து வாங்காதீர்கள். அணிந்து மகிழ மட்டும் வாங்குங்கள்.

சோதிப்பது எப்படி?

முதலில் போலியை ஒதுக்க வேண்டும். பிரான்சு நாட்டில் 17-ம் நூற்றாண்டிலேயே கண்ணாடி மணிக்கு மீன் செதிலின் மினுக்கை ஏற்றி முத்து என்று அணிந்தார்கள். மீனவர் வீட்டில் குப்பைக்குப் போகும் செதில், அங்கே கழுத்தில் ஏறியது!

ஒரு முத்தைத் துடைத்து, முன்பல்லின் விளிம்பில் மெல்ல உரசுங்கள். நற நற என்றால் முத்து. வழுவழு என்றால் போலி. இரண்டு முத்துக்களை ஒன்றோடு ஒன்று லேசாக உரசியும் பார்க்கலாம்.

அடுத்து, துளையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பூச்சு உரிந்து கண்ணாடி தெரிந்தால் போலி. உள்ளே வைத்த மணிக்கும் மேல் பூச்சுக்கும் நடுவே கோடு தெரிந்தால் வளர்ப்பு முத்து.

எல்லா மணிகளும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு, ஒரே நிறமா? சந்தேகப்படுங்கள். நல்ல முத்துக்களிடையே சிறு வேற்றுமை இருக்கும்.

“இது கொள்ளுப் பாட்டி காலத்து மன்னார் முத்து” என்பார்கள். இருக்கலாம். ஆனால் வாய்ச்சொல் சாட்சி ஆகாது. தானாக விளைந்ததா, வளர்த்ததா என்பதைப் பல் சொல்லாது. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும். பெருந்தொகை கேட்டால் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். இல்லையென்றால் வளர்ப்பு முத்தின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

நூலையும் பாருங்கள்

பழைய மாலையில் பட்டு நூல் இற்றுப் போயிருக்கும். புதிதாகக் கோக்கும் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோப்பது நல்லது. நூல் அறுந்தாலும் எல்லாம் சிதறாது. கொக்கி தங்கம் என்றால் அதைத் தனியே உரைத்துப் பாருங்கள்.

சுண்ணாம்பு போல வெளிறிய முத்து வேண்டாம். போன ஒளி எளிதில் திரும்பாது. கிளிஞ்சலில் உள்ள சுண்ணாம்புச் சத்தே முத்திலும் இருக்கிறது. புளிப்புப் பட்டால் கரையும். அதனால் வினிகரில் போட்டுச் சோதிக்காதீர்கள். வியர்வையும் வாசனைத் திரவியமும் கூட அதற்குப் பகை. கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள்.

ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அதில் “வளர்ப்பு முத்து” என்றோ “இயற்கை முத்து” என்றோ எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்கத் தயங்குங்கள்!