கைத்தொலைபேசியும் ஆபத்துக் காலமும்

தம்பலகாமத்து வயல்களுக்கு உயிர் கந்தளாய்க் குளம். குளக்கோட்டன் கட்டுவித்தது என்று கர்ணபரம்பரையும், இரண்டாம் அக்கபோதி காலத்தது என்று வரலாறும் கூறும் அக்குளத்தின் அணை, 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் திகதி, அதிகாலை மூன்று மணியளவில் உடைந்தது. கீழ்ப்புறத்து ஊர்களில் உறங்கிக் கிடந்தோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று வயற்காரன் கையில் தொலைபேசி இல்லை. இலங்கையில் முதற் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியதே 1989இல்தான். இன்றோ அது இல்லாத வீடு அரிது. அத்தகைய இரவு இன்னொன்று வந்தால், எச்சரிக்கை உரிய வேளையில் வீடு வந்து சேருமா? சேர்ந்தாலும் அதை நம்பலாமா? அடுத்த தலைமுறைக் கம்பியில்லா வலையமைப்புகளை வகுக்கும் பொறியியலாளர் முன் நிற்பவை இவ்விரு வினாக்களே.

கைத்தொலைபேசியைக் கம்பியில்லாக் கருவி என்பது பாதி உண்மை. கையிலிருந்து அண்மையிலுள்ள கோபுரம் வரைதான் குரல் காற்றில் செல்கிறது. அப்பால் அது பெரும்பாலும் நிலத்தடியிலோ கம்பங்களின் மீதோ செல்லும் கண்ணாடியிழை வடத்தின் வழியாகவும், சில இடங்களில் கோபுரத்துக்குக் கோபுரம் நுண்ணலையாகவும் பயணஞ் செய்கிறது. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். வெள்ளத்தில் மின்கம்பம் சாய்ந்தால் மின்கலங்கள் சில மணி நேரம் தாங்கும்; பின்னர் மின்பிறப்பாக்கி. தெரு நீரில் மூழ்கிவிட்டால் அதற்கு எண்ணெய் கொண்டுபோவது யார்? கோபுரம் அசையாமல் நிற்கும். ஆனால் ஊமையாக நிற்கும்.

ஆகவே முதல் விதி, ஒன்றையே நம்பியிராமை. ஒரு வாய்க்கால் அடைபட்டால் மறு வாய்க்காலைத் திறக்கும் ஏற்பாடு வயற்காரனுக்குப் புதிதன்று. வடத்துக்கும் அவ்வாறே இரண்டு வழிகள் வேண்டும். ஒரே பாலத்தின் இரு மருங்கிலும் இரண்டு வடங்களைப் பதித்துவிட்டு இரு வழி என்று கணக்குக் காட்டுவதால் பயனில்லை. பாலம் போனால் இரண்டும் போகும். ஒரு நிறுவனத்தின் கோபுரம் விழுந்தால் மற்றொன்றின் கோபுரம் அவ்வாடிக்கையாளரை ஏற்றுக்கொள்ளும் உடன்பாடும் வேண்டும். கோபுரங்கள் யாவும் ஓய்ந்தபோது செய்மதியோடு நேரே பேசும் முறையும் இப்பொழுது உருவாகி வருகிறது.

நெரிசல் மற்றோர் இடர். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின்னரே இலங்கையின் கிழக்குக் கரையைப் பேரலை தாக்கிற்று. அந்த இரண்டு மணி நேரம் வீணாயிற்று. அலை வந்தபின் எல்லோரும் ஒரே வேளையில் உறவினரை அழைக்க, இணைப்புகள் திணறின. இரண்டாம் தலைமுறை முறையில் ஓர் அலைவரிசை எட்டுக் கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒரு கோபுரம் தாங்கும் உரையாடல்கள் எண்ணிச் சொல்லத்தக்க அளவினவே. இதற்கு மாற்று, கோபுரம் வானொலி நிலையம் போல ஒரே செய்தியை ஒரே தடவை சொல்ல, எல்லையிலுள்ள கருவிகள் யாவும் கேட்டுக்கொள்ளும் முறை. கேட்போர் பத்துப் பேராயினும் பதினாயிரம் பேராயினும் அதற்குச் சுமை ஒன்றே. வானொலி நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி நம்பிக்கை. இரண்டாம் தலைமுறை முறையில் கோபுரம் கருவியைச் சோதிக்கும். கருவி கோபுரத்தைச் சோதிப்பதில்லை. வீட்டுக்காரன் வந்தவனிடம் தன் பெயரைச் சொல்லிவிட்டு, வந்தவன் பெயரைக் கேளாமல் கதவைத் திறப்பது போன்றது இது. அதனால் ஒரு பெட்டியளவான போலிக் கோபுரத்தைக் கொண்டு பொய்ச் செய்தி அனுப்புதல் கைகூடிற்று. மூன்றாம் தலைமுறையிலிருந்து இரு தரப்பும் ஒன்றையொன்று சோதிக்கின்றன. ஐந்தாம் தலைமுறையில், பயனாளியின் நிலையான அடையாள எண்ணையும் மறைபொருளாக்கியே அனுப்பலாம். எனினும் பழைய முறைக்கு இறங்கிப் பேசும் கருவிகள் இருக்கும் வரை பழைய கதவும் திறந்தே கிடக்கிறது. நான்காம் தலைமுறையில்கூட எல்லோருக்குமான எச்சரிக்கையைப் போலியாக அனுப்ப இயலும் என்று அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் காட்டினர். பொய்யெச்சரிக்கை என்ன செய்யும் என்பதை ஹவாய்த் தீவினர் அதற்கு முன்னரே அறிந்தனர். 2018ஆம் ஆண்டு சனவரி 13ஆம் திகதி, ஏவுகணை வருகிறது என்ற செய்தி ஓர் ஊழியரின் பிழையால் அங்கே எல்லாக் கைகளுக்கும் சென்றது. அதை மறுத்துரைக்க 38 நிமிடங்கள் ஆயின.

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் வெளியிட்ட ஆறாம் தலைமுறைக்கான வரைவில், காப்பும் தாங்குதிறனும் வேகத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டுள்ளன. ஆனால் கடைசி முழ தூரத்தை எந்த வரைவும் கடந்துவிடாது. பேரலை வந்த நாளில், புதுச்சேரியின் நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து அவ்வூர் மகன் ஒருவனின் அழைப்பு வந்தது. உடனே ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தனர். ஊரில் இருந்தோர் ஏறத்தாழ 3,600 பேர். ஓர் உயிரும் போகவில்லை. அழைப்பு ஒன்றே, அது தெரிந்த குரலாயிருந்தது.