கப்பல் வந்த பின்பு அன்று, கப்பல் கிளம்பும் முன்பு இன்று

1991 ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் சுங்கவரியின் உச்ச விகிதத்தை 150 விழுக்காடாகக் குறைத்தார். குறைத்த பிறகே 150. நூறு ரூபாய்ச் சரக்குக்கு நூற்றைம்பது ரூபாய் வரி என்பது அன்று சலுகை. 1995-இல் அது 50 ஆனது. 2007-இல் வேளாண் பொருள்கள் நீங்கலாகப் பெரும்பாலானவற்றுக்கு 10-க்கு இறங்கியது. பிற்பாடு சில பொருள்களுக்கு மீண்டும் ஏறியிருந்தாலும், பழைய உயரம் திரும்பவில்லை. விகிதம் இறங்கிய இந்தக் காலத்தில் வேறொன்றும் மாறியது: வரியை மிச்சப்படுத்தும் வேலை நடக்கிற இடமும் நேரமும்.

அன்று அந்த இடம் சென்னை ராஜாஜி சாலையின் கஸ்டம் ஹவுஸ். கப்பல் துறைமுகத்தைத் தொட்ட பிறகுதான் பெரும்பாலும் வேலை சூடு பிடிக்கும். லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் இருந்த கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் கார்பன் தாள் வைத்துப் பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதிப் பதிவுத் தாளை நான்கு படிகளாகத் தட்டச்சு செய்வார்கள். நேரே நுகர்வுக்கு எடுக்கும் சரக்குக்கு வெள்ளைத் தாள், கிடங்குக்குப் போவதற்கு மஞ்சள், கிடங்கிலிருந்து வெளியே வருவதற்குப் பச்சை. அந்தத் தாள் மேசை மேசையாக நகர்ந்து, வரி கட்டி, சரக்கைத் திறந்து பார்த்து முடிவதற்குள் டெமரேஜ் என்னும் துறைமுகத் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

இன்று பில் ஆஃப் என்ட்ரி சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் பதிவாகிறது. துணை ஆவணங்களை 2018 முதல் இ-சஞ்சித் வழியாக ஏற்றுகிறார்கள். முகமில்லா மதிப்பீடு 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கி, அந்த ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடெங்கும் பரவியது. சென்னையில் இறங்கும் சரக்கின் வரியை வேறொரு நகரத்து அதிகாரி மதிப்பிடலாம். எந்தச் சரக்கைச் சோதிப்பது என்பதை இடர் மேலாண்மைக் கணினியே பெரிதும் தீர்மானிக்கிறது. முன்பு கப்பல் வந்த பிறகு நடந்த பதிவு, 2021 முதல் பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் முடிய வேண்டும். தவறினால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

இதனால் கிடைத்தவை பெரியவை. மேசைக்கு மேசை கைமாறிய பணத்துக்கான வாய்ப்பு சுருங்கியது, காத்திருப்பு குறைந்தது. இழந்ததும் உண்டு. அன்று ஐயத்துக்குரிய ஒரு பொருளை மதிப்பீட்டாளர் மேசையில் வைத்து, "இது எந்த வேலைக்கு, எதனால் ஆனது" என்று எதிரே நின்று விளக்க முடிந்தது. பல ஆண்டுகள் ஒரே வகைப் பொருளைப் பார்த்த கண்ணுக்கு அது விளங்கியது. இன்று கேள்வி இரண்டு வரிகளில் திரையில் வருகிறது. பதிலும் எழுத்தில்தான் போக வேண்டும். எழுதத் தெரிந்த பெரிய நிறுவனத்துக்கு அது எளிது. எழுத ஆளில்லாத சிறு இறக்குமதியாளருக்கு எதிரே ஒரு முகம் இல்லாதது உண்மையான குறை.

ஏற்றுமதியாளரின் கணக்கும் இப்படியே மாறியது. அட்வான்ஸ் லைசென்ஸில் வரியின்றி மூலப்பொருள் எடுத்தவர் டீக் (டி.இ.இ.சி.) எனப்பட்ட கணக்குப் புத்தகம் ஒன்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வந்த சரக்கும் போன சரக்கும் அதில் பதிவு செய்யப்பட்டன. புத்தகம் தொலைந்தால் சலுகையே சிக்கலில் மாட்டும். இன்று அந்தப் பதிவுகள் கணினியில் இருக்கின்றன. கட்டிய வரியைத் திரும்பப் பெறும் டிராபேக்குக்கு ஷிப்பிங் பில்லே விண்ணப்பம். பணம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. 1990-இல் அறிமுகமான ஏற்றுமதி உற்பத்தி இயந்திரங்களுக்கான இ.பி.சி.ஜி. திட்டத்தில் 25 விழுக்காடு வரி கட்ட வேண்டியிருந்தது. இன்று திருப்பூரில் பின்னலாடை இயந்திரம் இறக்குபவருக்கு அதே திட்டத்தில் சுங்கவரி பூஜ்யம். ஆனால் மிச்சமான வரியின் 6 மடங்கு மதிப்புக்கு, வழக்கமான சராசரிக்கு மேலாக, 6 ஆண்டுகளில் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மிச்சமான வரி வட்டியோடு திரும்பிப் போகும்.

பெரிய மாற்றம் 2011-இல் சட்டத்தில் நடந்தது. அதுவரை வரியை மதிப்பிடுவது அதிகாரியின் வேலை. அந்த ஆண்டு முதல் சுயமதிப்பீடு: வகைப்பாடு, மதிப்பு, விலக்கு மூன்றையும் இறக்குமதியாளரே சொல்லி, அதற்குப் பொறுப்பும் ஏற்கிறார். குறைவாகக் கட்டியது தெரிந்தால் 2 ஆண்டுகளுக்குள் நோட்டீஸ் வரலாம்; மறைத்தார் என்றால் 5 ஆண்டுகள். வட்டி 15 விழுக்காடு. ஆசியான் நாடுகளுடனான வணிக ஒப்பந்தச் சலுகைக்கு முன்பு மூலச் சான்றுத் தாளை நீட்டினால் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. 2020 செப்டம்பர் 21 முதல், பொருள் அந்த நாட்டில் எப்படி உருவானது என்ற விவரத்தையும் இறக்குமதியாளர் வைத்திருக்க வேண்டும்.

அந்தச் சலுகையின் எடையைக் கணக்கிலேயே பார்க்கலாம். நூறு ரூபாய்ச் சரக்குக்கு அடிப்படை வரி 10. அதன் மேல் சமூக நல மேல்வரி 1. இந்த 111-க்கு 18 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) என்றால் 19.98. மொத்தம் 30.98. இதில் ஐ.ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கிடைக்கும் வணிகருக்கு உண்மைச் சுமை 11 ரூபாய். ஒப்பந்த நாட்டிலிருந்து பூஜ்ய வரியில் வந்தால் அந்த 11-ம் இல்லை. 2017-க்கு முன்பிருந்த எதிரீட்டு வரி, சிறப்புக் கூடுதல் வரி ஆகியவற்றின் இடத்தில்தான் ஐ.ஜி.எஸ்.டி. வந்தது. கணக்கு எளிதாயிற்று, கணக்குப் போட வேண்டியவர் மாறினார்.

அன்று வரியை மிச்சப்படுத்தும் அறிவு கிளியரிங் ஏஜென்டின் நினைவில் இருந்தது. இறக்குமதியாளர் அதை நம்பி வாழ்ந்தார். இன்று ஏஜென்ட் சுங்கத் தரகர் என்ற புதுப் பெயரோடு அருகில் இருக்கிறார். சட்டத்தின் முன் நிற்பவரோ இறக்குமதியாளர்தான். ஆகவே பொருளின் வகைப்பாட்டு எண்ணான எச்.எஸ். கோடு எது, ஒப்பந்தச் சலுகை உண்டா, மூலச் சான்றுக்கு விற்பவர் விவரம் தருவாரா என்ற மூன்றையும் ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வகைப்பாட்டில் ஐயம் இருந்தால் டெல்லியிலும் மும்பையிலும் உள்ள முன்தீர்ப்பு ஆணையத்தை அணுக வழி இருக்கிறது. சரக்கு கப்பலேறிய பிறகு மிச்சப்படுத்துவதற்கு அதிகம் மீதமிருப்பதில்லை.