நடைவழிகள் – 9: பிராங்கின் கால்வாய்க் கரை

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில், கொம்தார் நிலையத்தில் பஸ் இறங்குகிற பலருக்கும் பக்கத்தில் ஒரு கால்வாய் ஓடுவது தெரியாது. தெரிந்தவர்களும் நெடுங்காலம் அதைச் சாக்கடை என்றுதான் சொன்னார்கள். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய பிராங்கின் கால்வாய். அன்றைக்கு ஜார்ஜ் டவுனின் தெற்கு எல்லையே அதுதான். சதுப்பு நிலத்து நீரைக் கடலுக்கு வடித்தது. கடல் ஏறும் நேரத்தில் காய்கறிப் படகுகளையும் மீன் படகுகளையும் ஊருக்குள் அழைத்துவந்தது. படகு நின்ற இடத்தில் சந்தை கூடியது. அதுதான் சியா போய்.

அந்த நாள் பினாங்கில் சாலை போடவும் வடிகால் வெட்டவும் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளை இறக்கினார்கள். இந்தக் கரையில் நிற்கும் தமிழர் எவருக்கும் அவர்கள் நினைவு வர வேண்டும்.

2004இல் சந்தை வேறு இடத்துக்குப் போனது. கூடாரம் பாழடைந்தது, தண்ணீர் கறுத்தது. 2015இல் மண்ணைத் தோண்டியபோது பழைய கால்வாயின் படகுத்துறை புதைந்தபடி அகப்பட்டது. அங்கே புதிதாகக் கட்டடம் எழுப்பாமல் அந்த மிச்சத்தையே ஊருக்குக் காட்டலாம் என்று முடிவெடுத்தது பெரிய காரியம். 2019 நவம்பரில் நாட்டின் முதல் நகர்ப்புறத் தொல்லியல் பூங்காவாக அது திறக்கப்பட்டது. இன்று அங்கே மாலையில் போனால், ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த நீரில் மீன்கள் நீந்துகின்றன. பிள்ளைகள் குனிந்து அவற்றை எண்ணுகிறார்கள். பழைய சந்தையின் இரும்புத் தூண்களுக்கு அடியில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

ஆனால் பூங்கா முடிகிற இடத்தில் நடையும் முடிந்துவிடுகிறது. கால்வாய் அதற்கு அப்பாலும் வெல்ட் கீ பக்கம் கடலை நோக்கிப் போகிறது. நிதானமாக நடந்தால் பத்து நிமிடத் தூரம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கரையோரம் வழி வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இப்படியொரு கரைவழியைக் காப்பாற்றிய கதை அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அங்கே வாஷிங்டனிலிருந்து கம்பர்லாண்டு வரை 184.5 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் உண்டு. முன்பு படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையில் நடந்தபடி இழுத்துப்போயின. படகுப் போக்குவரத்து நின்றதும் கரைப்பாதை புதர் மண்டியது. அதன் மேல் மோட்டார் சாலை போடத் திட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் எதிர்த்தார். சாலையை ஆதரித்து எழுதிய வாஷிங்டன் போஸ்ட் ஆசிரியர்களை, என்னோடு நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று கூப்பிட்டார். 1954 மார்ச்சில் எல்லோருமாகக் கிளம்பினார்கள். பத்திரிகை தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது, சாலைத் திட்டம் கைவிடப்பட்டது, 1971இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. எனக்கு அதைவிடப் பிடித்தது பின்னால் நடந்ததுதான். அங்குள்ள தன்னார்வலர்கள் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொள்கிறார்கள். தன் துண்டில் நடப்பது, குப்பை பொறுக்குவது, எங்கே கரை அரித்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை.

அப்படிப்பட்ட ஆட்கள் நம் ஊரில் இல்லையா? 2009 ஆகஸ்ட் 8ஆம் தேதி பினாங்கு மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, நுண்ணுயிர்க் கரைசலும் தவிடும் சேர்த்துப் பிசைந்த மண் உருண்டைகளை நீர் சுத்தமாகட்டும் என்று கடலில் எறிந்தார்கள். மனசு நிறைந்த நாள்தான். ஆனாலும் ஒரு நாள் உற்சாகத்தைவிட, தண்ணீர்மலைக்குப் பின்னால் மலையேறுகிற முதியவர்கள் மேல்தான் எனக்கு நம்பிக்கை. மலைப்பாதை நிறுத்தங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அதற்கான தண்ணீரை முதுகில் சுமந்து ஏற்றுகிறார்கள். மழையில் படி சரிந்தால் எவர் உத்தரவுக்கும் காத்திருக்காமல் மறுபடி கட்டுகிறார்கள்.

அவர்களில் ஒரு பத்துப் பேரை மலையிலிருந்து கால்வாய்க் கரைக்கு அழைத்துவர முடியுமானால், பூங்கா முதல் கடல் வரையுள்ள தூரத்தை நாலைந்து துண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்றைப் பக்கத்துப் பள்ளி எடுக்கட்டும், இன்னொன்றைக் கடைக்காரர்கள் சங்கம், மூன்றாவதை லிட்டில் இந்தியா இளைஞர்கள். மாநகர் மன்றத்திடம் கேட்க வேண்டியது, கரையோரம் ஒருவர் நடக்கிற அகலத்துக்கு வழியும் ஒரு பெயர்ப்பலகையும். அந்தப் பலகையில் தமிழும் இருக்க வேண்டும். கைதிகளாக வந்து இந்த ஊரை வெட்டித் திருத்தியவர்களைப் பற்றி அதில் நாலு வரி எழுத வேண்டும்.

(தொடரும்)