மெழுகுவர்த்தி எத்தனை மணி நேரம் எரியும்?

தறி ஓய்ந்த மாதங்களிலும் வயலில் வேலை குறைந்த நாட்களிலும் கைத்தொழிலாக மெழுகுவர்த்தி வார்ப்பவர்களை ஒரு வினா எதிர்கொள்கிறது. விற்கும் வர்த்தி எத்தனை மணி நேரம் எரியும் என்று வாங்குவோருக்குச் சொல்லத்தான் வேண்டுமா? சொல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. ஆயின், எவ்வாறு சொல்வது என்பதிலேதான் விஷயம் அடங்கியிருக்கிறது.

சட்டத்தை மட்டும் நோக்கினால் இவ்வினா எழுவதற்கே இடமில்லை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தையொட்டி 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள், தயாரித்தவரின் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், உச்ச சில்லறை விலை முதலியவற்றை அச்சிடச் சொல்கின்றன. எரியும் நேரம் அப்பட்டியலில் இல்லை. எனினும் வாங்குகிறவர் மெழுகுக்காகவா காசு கொடுக்கிறார்? வெளிச்சத்துக்காகவே கொடுக்கிறார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் தூத்துக்குடி மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த ஊர்கள் பல. அத்தகைய இரவுகளில், பெட்டியில் எஞ்சியிருக்கும் நான்கு வர்த்திகள் ஓர் இரவுக்குக் காணுமா, இரண்டு இரவுக்குக் காணுமா என்பதைக் குடும்பத் தலைவி அறிந்திருத்தல் அவசியமன்றோ? கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் இது சிறு காரியமன்று.

இக்கடற்கரைக்கு இது புதிய பிரச்சினையுமன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டோ இல்லையோ, வாங்குபவர் அறியார். ஆகவே குளிப்புக்கு முன்னரே பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை அத்தொழிலில் தேர்ந்தவர்கள் விலை மதித்தனர். ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று வணிகருக்குத் தெரிவிக்கப்பட்டது. அது உறுதிமொழியன்று, மாதிரியின் கணக்கு மட்டுமே. அதை நம்பியே தூர தேசத்து வணிகரும் வந்தனர். தூத்துக்குடியில் 1961-க்குப் பின் குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் அந்த முறை நமக்கு இன்றும் பொருந்தும். மெழுகுவர்த்தியும் சிப்பியைப் போன்றதே. கொளுத்திப் பார்க்காமல் அதன் பயன் தெரியாது, கொளுத்தினாலோ பண்டம் தீர்ந்துவிடுகிறது.

நெசவாளருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? 840 கஜம் ஒரு சிட்டம்; ஒரு ராத்தலில் 40 சிட்டம் நின்றால் 40-ஆம் நம்பர் நூல். நம்பரைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்லி விற்றால் எந்த நெசவாளரும் வாங்கமாட்டார். விதைப் பையிலும் முளைப்புத் திறன் குறிக்கப்படுகிறது. நெல்லுக்கு அது 80 சதவீதத்துக்குக் குறையலாகாது. அதனால் விளைச்சலுக்கு விதைக்காரர் பிணை நிற்கிறார் என்று யாரும் எண்ணுவதில்லை.

நிற்க. வார்ப்போர் தரப்பில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. "பத்து மணி நேரம் என்று எழுதினேன், வாங்கியவர் சாளரத்தருகே வைத்தார், ஆறு மணியில் தீர்ந்தது, பொய்யன் என்ற பெயர் எனக்கு" என்பதே அது. கடற்காற்று ஓயாத துறைமுக ஊரில் இதை அலட்சியப்படுத்த இயலாது. சுடரின் வெப்பத்தால் உருகிய மெழுகு திரி வழியே ஏறி, ஆவியாகி எரிகிறது. காற்று சுடரைச் சாய்த்தால் ஒருபக்கம் மட்டும் உருகி, எரியாமலே வழிந்து வீணாகும். திரி நீண்டிருந்தால் சுடர் பெருத்துப் புகையும். மெழுகும் விரைவில் செலவாகும். ஆகையால் வெறும் மணிக்கணக்கு பாதி உண்மையே. எந்நிலையில் அளந்தது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அளப்பது எளிது. ஒரே வார்ப்பிலிருந்து ஐந்து வர்த்திகளை எடுத்து, கிராம் காட்டும் தராசில் நிறுத்து, விசிறி ஓடாத அறையில் தள்ளித் தள்ளி வைத்து மூன்று மணி நேரம் எரித்து, மீண்டும் நிறுத்தல் வேண்டும். 60 கிராம் வர்த்தியொன்று 18 கிராம் இழந்தால் மணிக்கு 6 கிராம். முழுதும் எரிய 10 மணியாகும். மற்றொன்று 21 கிராம் இழந்தால் மணிக்கு 7 கிராம். எட்டரை மணியே தேறும். அவ்வாறாயின் உறையில் 10 என்று எழுதலாகாது, ஐந்தில் மிகக் குறைந்ததைக் கொண்டு, "காற்றில்லாத அறையில் சுமார் 8 மணி நேரம், திரியைக் கால் அங்குலமாக நறுக்கி ஏற்றவும்" என்று எழுதுக. மெழுகையோ திரியையோ மாற்றினால் மறுபடி அளக்கவேண்டும். இதில் செலவு ஐந்து வர்த்திகளே.

மெழுகுவர்த்தியே ஒரு காலத்தில் ஒளிக்கு அளவுகோலாய் நின்றது என்பதும் கவனிக்கற்பாலது. லண்டன் நகர வாயு விளக்குகளின் ஒளியை அளக்க 1860-இல் இயற்றப்பட்ட சட்டம், ராத்தலில் ஆறில் ஒரு பங்கு எடையுள்ளதும் மணிக்கு 120 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 7.8 கிராம், எரிவதுமான திமிங்கல மெழுகுவர்த்தியை அளவாகக் கொண்டது. எடையும் எரியும் வேகமும் சேர்ந்தே ஒரு வர்த்தியின் அடையாளம் என்று அன்றே கண்டிருந்தனர்.

போட்டிக்காரர் அளக்காமலே "15 மணி" என்று அச்சிட்டால் என் செய்வது? தவறான வழியில் இட்டுச் செல்லும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. அதைவிட, அளவுக் குறிப்பேட்டை வார்ப்புத் தேதியுடன் எழுதி வைத்து, கேட்ட வாடிக்கைக்காரரிடம் காட்டுவது விரைவில் பலன் தரும்.

எல்லா வர்த்திக்கும் இவ்வாறு எழுதவேண்டும் என்பதில்லை. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடைபெறும் பனிமய மாதா திருவிழாவுக்கு வருவோர் நேர்ச்சையாக ஏற்றும் மெல்லிய வர்த்திகளை எடுத்துக்கொள்வோம். நெருக்கமாக நிறுத்தினால் ஒன்றின் சூட்டில் மற்றொன்று வளைந்து உருகும். அங்கே மணிக்கணக்கு பொருளற்றது. அவற்றுக்கு எண்ணிக்கையும் எடையும் எழுதினால் போதும்.