சீட்டை உயர்த்தினால் மட்டும் போதுமா?

பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் போன்ற ஊர்களில் கறுப்புச் சைக்கிளே எங்கும் ஓடிய நாள்களில், அதை வாங்கப் போனவர் 22 அங்குல வண்டியா, 24 அங்குல வண்டியா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த எண் சக்கரத்தின் அளவன்று. பெடல் அச்சு பொருந்தும் இடத்திலிருந்து சீட்டுக் கம்பி இறங்கும் வாய்வரை செல்லும் குழாயின் நீளம். கால் நீண்டவருக்கு 24, மற்றவருக்கு 22 என்ற அந்த எளிய முறை முழுமையானதன்று என்றாலும், மனிதர்கள் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையாவது ஏற்றுக்கொண்டது. இப்போது அதே இடத்தில் நிற்கும், மலைச் சைக்கிளின் சாயலில் தடித்த டயரும் கியரும் கொண்ட மலிவு விலை வண்டிகளோ பெரும்பாலும் 18 அங்குலத்தை ஒட்டிய ஒரே பிரேமில் வருகின்றன. ஆறடி இரண்டங்குலக்காரருக்கும் ஐந்தரை அடிக்காரருக்கும் அதே வண்டிதான்.

நெடியவர் வந்தால் கடையில் செய்யப்படும் பரிகாரம் ஒன்றே ஒன்று. ஸ்பேனரால் சீட்டு போல்ட்டைத் தளர்த்தி, கம்பியை மேலே இழுத்து, மறுபடியும் முறுக்கித் தருகிறார்கள். கம்பியின் கீழ்ப்பகுதியில் சிறுசிறு கோடுகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும்; அவை வெளியே தெரியுமளவுக்குக் கம்பியை இழுத்துவிட்டால், உட்காருபவரின் எடை முழுவதும் குழாயின் வாயை நெம்பத் தொடங்கி, மேல் பார் வந்து சேரும் பற்றவைப்பில் நாளடைவில் விரிசல் விழும். விரிசலாவது கண்ணுக்குத் தெரிகிறது; கண்ணுக்குத் தெரியாத கேடு வேறொன்று உண்டு. சீட்டுக் குழாய் செங்குத்தாக நிற்பதில்லை, பின்புறம் சாய்ந்திருக்கிறது. ஆகவே சீட்டு உயர உயர அது பின்னோக்கியும் நகர்கிறது.

இந்தச் சாய்வைத் தரைக்கோட்டிலிருந்து அளந்து பாகையில் சொல்வார்கள். குழாய் 70 பாகையில் சாய்ந்திருந்தால், சீட்டை 10 செ.மீ. உயர்த்தும்போது அது ஏறத்தாழ மூன்றரை செ.மீ. பின்னே போகிறது, 77 பாகையில் நிமிர்ந்திருந்தால் இரண்டேகால் செ.மீ. மட்டுமே போகிறது. வெள்ளாற்றங்கரையின் சமதளப் பாதையில் இந்த வேறுபாடு உறைக்காது. மேற்கே பச்சைமலையிலோ வடமேற்கே கல்வராயன் மலையிலோ செங்குத்தான ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான், நெடியவரின் உடல் எடை பின்சக்கர அச்சின் மேல் சென்று அமர்வதும், முன்சக்கரம் பிடிப்பிழந்து மேலெழுவதும் தெரியவரும். ஏறுபவர் அதைத் தம் பலவீனம் என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் குறை பிரேமின் அமைப்பில் இருக்கிறது. அதனால்தான் அண்மைக்கால மலைச் சைக்கிள்களில் இக்கோணம் 76, 77, 78 பாகை என்று நிமிர்ந்துகொண்டே வருகிறது. ஆனால் முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் முழுச் சஸ்பென்ஷன் வண்டிகள் பலவற்றில் சீட்டுக் குழாய் வளைந்தோ விலகியோ செல்வதால், நிறுவனம் அச்சிடும் கோணம் நடுத்தரச் சீட்டு உயரத்துக்கே பொருந்தும். கால் நீண்டவர் குழாயின் உண்மையான சாய்வைக் கேட்டறிவதே நல்லது.

அடுத்த அளவு ரீச் எனப்படுவது. பெடல் அச்சிலிருந்து நேர்மேலாக ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டு, அக்கோட்டிலிருந்து ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்குழாயின் உச்சிவரை கிடைமட்டமாக அளந்தால் கிடைக்கும் நீளமே ரீச். அதே உச்சிவரை செங்குத்தாக அளந்தால் கிடைப்பது ஸ்டாக். எழுந்து நின்றபடி இறக்கத்தில் வரும்போது சீட்டு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். உடலுக்கு இடம் தருவது ரீச் மட்டுமே. முன்பெல்லாம் பிரேமைக் குட்டையாக விட்டு, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் என்ற துண்டை 100 மி.மீ. அல்லது அதற்கும் மேலாக நீட்டி ஒப்பேற்றினார்கள். 1990களின் இறுதியில் மலைச் சைக்கிள் முன்னோடியான கேரி ஃபிஷர் பிரேமை நீட்டி ஸ்டெம்மைக் குறைத்தார். பின்னர் ஸ்பெயினின் மொண்ட்ராக்கர் நிறுவனம் அதே வழியில் இன்னும் துணிந்து சென்றது. இன்று 190 செ.மீ. உயரமானவருக்கு 500 மி.மீ.யை ஒட்டிய ரீச்சும் 40 அல்லது 50 மி.மீ. ஸ்டெம்மும் இயல்பாகிவிட்டன. ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கிறதென்று ஸ்டெம்மின் அடியில் வளையங்களை அடுக்குவோர், முன்குழாயும் பின்புறம் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு 10 மி.மீ. வளையத்துக்கும் ஏறக்குறைய 4 மி.மீ. ரீச்சை இழக்கிறார்கள், மேல்நோக்கி வளைந்த உயரமான ஹேண்டில்பார் அவ்விழப்பைத் தவிர்க்கும்.

ஒரே உயரமுள்ள இருவருக்கும் ஒரே பிரேம் பொருந்தும் என்று கொள்வதும் தவறு. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடையிடுக்கில் அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளந்தால் கால் நீளம் கிடைக்கும். அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டு இருக்கவேண்டிய தொலைவு தோராயமாகத் தெரியும், 93 செ.மீ. காலுக்கு 82 செ.மீ. கால் நீண்டு உடல் குறுகியவருக்கு நிமிர்ந்த சீட்டுக் குழாயும் மிகுந்த ஸ்டாக்கும் தேவை. உடலும் கையும் நீண்டவருக்கு ரீச் தேவை.

பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுவரை செல்லும் குழாயான செயின்ஸ்டேயைப் பல நிறுவனங்கள் எல்லா அளவுகளுக்கும் ஒன்றாகவே வைத்துவிடுகின்றன. முன்பாதியை மட்டும் நீட்டிய வண்டியில் நெடியவரின் எடை பின்னாலேயே தங்கும் என்பதால், இது பெரிய பிரேம் வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. கனடாவின் நோர்கோ போன்ற சில நிறுவனங்கள் அளவுக்கேற்ப இதையும் நீட்டுகின்றன. அத்தகைய வண்டியையே தேடுவது தகும். சக்கரத்தில் நெடியவருக்கு 29 அங்குலமே பொருத்தம். புதுமை என்று பேசப்படும் இதன் ரிம் 622 மி.மீ.தான், ஊர்க் கறுப்புச் சைக்கிளின் 28 அங்குலச் சக்கரத்தின் ரிம் 635 மி.மீ.

மலையேறும் எண்ணமே இல்லாமல், ஆற்றங்கரையிலும் வயல்வெளியிலும் மட்டும் போய்வரும் நெடியவர், ஒரே அளவில் வரும் கியர் வண்டியின் சீட்டுக் கம்பியைக் கோடு தெரிய இழுப்பதைவிட 24 அங்குலக் கறுப்பு வண்டியைக் கேட்டு வாங்கலாம். அவ்வகை வண்டி இன்றும் தயாராகிறது.